குழந்தையின் செவி

நாடுகளின் வரலாற்றையும் மன்னர்களின் வரலாற்றையும் நீங்கள் படித்திருப்பீர்கள். இன்று நான் கூறவிருப்பது, குழந்தையின் செவியை மனிதன் அறிந்துகொண்ட வரலாறு.

இதிலும் முதலில் வருபவர் ஒரு மன்னரே. மனிதனுக்கு இயற்கையாக அமைந்த மொழி உண்டா என்று அறிய விரும்பினார் முகலாயப் பேரரசர் அக்பர். பச்சிளங் குழந்தைகள் சிலரைத் தனி இல்லத்தில் வைத்து, வளர்க்கும் செவிலியர் ஒரு சொல்லும் பேசலாகாது என ஆணையிட்டார். 1582இல் அவர் அங்குச் சென்றபோது அக்குழந்தைகளிடம் பேச்சே இல்லை என்று அபுல் ஃபசல் 'அக்பர் நாமா'வில் எழுதியுள்ளார். கொடிய சோதனைதான், ஆயினும் அது ஓர் உண்மையைக் காட்டிற்று. பேச்சு நாவில் தானே பிறப்பதன்று. செவி வழியே புகுந்து நாவிற்கு வருவது.

அவ்வாறாயின் செவி எப்போது வேலை தொடங்குகிறது? சார்லஸ் டார்வின், 1839இல் பிறந்த தம் மூத்த மகனைக் கூர்ந்து நோக்கி எழுதிய குறிப்புகளை 1877இல் வெளியிட்டார். முதல் இரு வாரங்களிலேயே திடீர் ஓசைக்குக் குழந்தை திடுக்கிட்டுக் கண் சிமிட்டியது. ஆனால் 1882இல் ஜெர்மனியில் வாழ்ந்த அறிஞர் பிரையர், பிறந்தவுடன் குழந்தைகள் யாவும் செவிடே என்று எழுதினார்.

அக்கருத்து நிலைக்கவில்லை. 1961இல் வெர்தைமர் என்னும் அமெரிக்க உளவியலார், பிறந்து சில நிமிடங்களே ஆன ஒரு குழந்தையின் இரு செவிகளின் அருகேயும் மாறி மாறிச் சிற்றொலி எழுப்பினார். குழந்தையின் கண்கள் பெரும்பாலும் ஒலி வந்த பக்கமே திரும்பின. பிறந்து மூன்று நாளுக்குள் குழந்தை, பிற மாதர் குரலினும் தாயின் குரலையே விரும்பிக் கேட்கிறது என்று 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் இருவரும் காட்டினர். உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்டுள்ள உறுப்பு, கருவின் ஆறாம் மாத அளவிலேயே ஒலியை ஏற்கத் தொடங்குவதால், இதில் வியப்பில்லை.

அதன்பின் வளர்ச்சி படிப்படியாக நிகழ்கிறது. மூன்று மாதக் குழந்தை பழகிய குரல் கேட்டு அழுகை தணியும். ஆறு மாத அளவில் ஒலி வரும் திசைக்குத் தலையைத் திருப்பும். பின்னர் மழலை ஒலிகளை அடுக்கும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கும். ஓராண்டளவில் முதற்சொல் பிறக்கும்.

ஆனால் 1000 குழந்தைகளுள் ஒன்று முதல் மூன்று, செவிக்குறையுடன் பிறக்கின்றன. எவரும் ஆணையிடாமலே, நம் வீடுகளிலேயே, அவை அக்பரின் மௌன இல்லத்தில் வாழ்கின்றன! "அவன் தகப்பனும் தாமதமாகத்தான் பேசினான்" என்று வீட்டார் ஆறுதல் கூறிக்கொள்வதைத் தலைமையாசிரியனாக நான் பலமுறை கேட்டதுண்டு. மந்தபுத்தி என்று பெயர் வாங்கிய பிள்ளைக்குக் காது கேளாமையே குறை என்பது, பள்ளிக்கு வந்த பின்னரே தெரிந்ததும் உண்டு. இழந்த அவ்வாண்டுகளை எந்தப் பள்ளியால் திருப்பித் தர இயலும்?

இக்குறையை விரைவில் காணும் வழியை அறிஞர் தேடினர். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஈவிங் தம்பதியர், குழந்தையின் பார்வைக்கு அப்பால் மெல்லொலி எழுப்பி, அது திரும்புகிறதா என்று பார்க்கும் முறையை 1944இல் விளக்கினர். தலை திரும்பாத சிசுவை என் செய்வது? அதற்கும் விடை வந்தது. நலமான செவி, கேட்ட ஒலிக்கு மறுமொழியாகத் தானே ஒரு நுண்ணொலியை வெளியிடுகிறது என்று 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் கண்டறிந்தார். அதனால் இன்று, உறங்கும் சிசுவின் செவியையும் சில நிமிடங்களில் சோதிக்க முடிகிறது. ஒரு மாதத்திற்குள் சோதனை, மூன்று மாதத்திற்குள் குறையை உறுதி செய்தல், ஆறு மாதத்திற்குள் கருவியும் பயிற்சியும் என்பது மருத்துவர் வகுத்துள்ள நெறி.

உங்கள் இல்லத்திலும் தம்பியோ தங்கையோ தொட்டிலில் இருக்கக்கூடும். கைதட்டிப் பார்த்து மனநிறைவு கொள்வது போதாது. கையசைவைக் கண்டும் குழந்தை திரும்பும். ஐயம் தோன்றினால், பொறுத்துப் பார்ப்போம் என்று பெரியோர் கூறினும், பணிவோடு எடுத்துரைத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் செய்யுங்கள். கல்வி கற்ற நீங்கள் அக்குழந்தைக்குச் செய்யும் முதல் உதவி அதுவே.