பால் பல்லும் ஓர் அமானிதமே!



ஹிஜ்ரி 11 (கி.பி. 632), ரபீஉல் அவ்வல் மாதம். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில், அவர்களின் நெஞ்சில் சாய்ந்தவாறு இறுதி நேரத்தில் இருக்கிறார்கள். அப்போது ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) கையில் மிஸ்வாக்குடன் உள்ளே வருகிறார்கள். நபியவர்களின் பார்வை அதன் மீது நிலைப்பதைக் கண்டு, “தங்களுக்கு வேண்டுமா?” என ஆயிஷா (ரலி) வினவ, தலையசைத்து இசைவு தெரிவிக்கிறார்கள். அக்குச்சி கடினமாக இருந்ததால், அன்னையவர்கள் அதைத் தம் பற்களால் மென்று மிருதுவாக்கிக் கொடுத்தார்கள். இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது.

இதில் மிஸ்வாக்கின் சிறப்பை மட்டும் நாம் பேசுகிறோம். மற்றொரு பாடமும் உண்டு. கையில் வலுவில்லாதவருக்கு, வலுவுள்ளவர் பல் துலக்க உதவினார் என்பதே அது. நம் வீட்டில் அவ்வாறு வலுவில்லாதவர்கள் யார்? நம் மழலைகள் அல்லவா!

மிஸ்வாக்கிற்குரிய ‘அராக்’ மரம் நமக்கு அந்நியமானதன்று. பழந்தமிழர் அதனை ‘உகாய்’ என்றனர். குறுந்தொகையில் அது இடம்பெற்றுள்ளது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் வேப்பங்குச்சியும் காவிரிக் கரையில் நம் பாட்டனார் கையில் இருந்தவையே. குர்துபா நகரின் மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (மறைவு: கி.பி. 1013), பற்களில் படியும் காறையைச் சுரண்டும் கருவிகளைத் தமது ‘அத்தஸ்ரீப்’ நூலில் படம் வரைந்தே விளக்கினார். பல் துலக்கும் பிரஷ்கள் நெடுங்காலம் பன்றி மயிரால் செய்யப்பட்டன. 1938-இல் அமெரிக்காவில் நைலான் பிரஷ் வந்த பின்னரே அந்நிலை மாறத் தொடங்கியது.

பல் ஏன் சொத்தையாகிறது? பெர்லினில் ஆய்வு செய்த மில்லர் என்பவர் 1890-இல் இதனை விளக்கினார். வாயிலுள்ள நுண்கிருமிகள் இனிப்பையும் மாவுப் பொருளையும் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலமே பல்லைக் கரைக்கிறது. கரும்பும் வெல்லமும் விளையும் நம் பரமத்தி வேலூர் வட்டாரத்தார் இதைச் சிந்திக்க வேண்டும். வெல்லம் அல்லாஹ்வின் அருட்கொடை. அதை வாயில் ஒட்டவிட்டுப் பிள்ளையை உறங்க வைப்பது நம் கவனக்குறைவு.

இதை எழுதும் நானும் தவறியவனே. ஒரு ஜும்ஆவில் மிஸ்வாக்கின் சிறப்பைப் பற்றி உரையாற்றினேன். அன்றிரவே என் ஆறு வயது மகன் கன்னம் வீங்கி அழுதான். “விழப்போகும் பல்தானே” என்று மருத்துவரிடம் சொன்னேன். கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை என்றும், நிலையான பல்லுக்கு இடம் காத்து நிற்பவை அவையே என்றும் அவர் கூறினார். பல்லை எடுத்தார்கள். ஊருக்கு உபதேசித்தவன், என் வீட்டு அமானிதத்தைப் பேணவில்லையே என வெட்கினேன்.

அடம்பிடிக்கும் பிள்ளையோடு இரவில் போராட நமக்கு மனம் வருவதில்லை என்பது உண்மையே. வழி ஒன்று உண்டு. நபி (ஸல்) அவர்கள் வீட்டினுள் நுழைந்ததும் முதலில் மிஸ்வாக் செய்வார்கள் என ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள் (முஸ்லிம்). வீட்டார் கண்முன் நிகழ்ந்த செயல் அது. நாமும் இஷாவுக்கு உளூச் செய்யும்போது பிள்ளையை அருகில் நிறுத்தித் துலக்குவோம், அதுவே பழக்கமாகும்.

ஏழெட்டு வயது வரை பிள்ளையின் கை சரியாகத் துலக்காது. நம் கையே துலக்க வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசியளவு பற்பசையும், அதன்பின் ஆறு வயது வரை பட்டாணியளவும் போதும். பற்பசையை விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். நம் மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்கள் உள்ளதால், அவ்வூரார் மருத்துவரிடம் ஆலோசனை பெறுவது நன்று. இரவில் துலக்கிய பின் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

நாளை குர்ஆன் ஓதவிருக்கும் வாய் அது. அதனைத் தூய்மையாகப் பேணும் பெற்றோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.