எண்ணெய்க் கிணறுகள்: பாறை மாறினால் நிலத்தடி நெருக்கத்தின் திசையும் மாறும்

திண்டிவனம் பக்கத்துக் குவாரிகளில் உடைபடுவது கருங்கல். அங்கிருந்து வானூர், திருவக்கரை பக்கம் போனால் மணற்கல்லும் களிக்கல்லும் வந்துவிடும். ‘வானூர் மணற்கல்’, ‘ஒட்டை களிக்கல்’ என்று நம்மூர்ப் பெயர்களையே புவியியலாளர்கள் இந்த அடுக்குகளுக்குச் சூட்டியிருக்கிறார்கள். இது காவிரிப் படுகையின் வட ஓரம். 2018-ல் விழுப்புரம், புதுச்சேரிக் கரையோரத்தை உள்ளடக்கிய பகுதி ஹைட்ரோகார்பன் ஆய்வுக்காக வேதாந்தாவுக்கு ஒதுக்கப்பட்டபோது எல்லோரும் தண்ணீரைப் பற்றிக் கேட்டார்கள். சரியான கேள்விதான். ஆனால் துளையிட்டால் பாறை எந்தப் பக்கம் பிளக்கும் என்பதும் அதோடு சேர்ந்ததே.

ஆழத்தில் பாறை மூன்று வழியாக நெருக்கப்படுகிறது. மேலிருந்து வருவது மேலே கிடக்கும் பாறைகளின் எடை. கிலோமீட்டருக்குச் சுமார் 23 மெகாபாஸ்கல் கூடும். மற்ற இரண்டும் பக்கவாட்டு நெருக்கங்கள். இந்தியத் தட்டு ஆசியாவை முட்டிக்கொண்டிருப்பதால் இவை சமமாக இருப்பதில்லை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பாடப்புத்தகம் இதைத் தகைவு என்கிறது.

கருங்கல், சுண்ணாம்புக்கல் போன்ற விறைப்பான பாறை பக்கவாட்டுச் சுமையை அதிகம் வாங்கிக்கொள்ளும். களிக்கல் நெகிழ்ந்து கொடுக்கும். உப்புப் படிவத்தில் நெருக்கங்கள் ஏறக்குறைய சமமாகிவிடுவதால் திசை என்று சொல்லவே பெரிதாக ஒன்றும் இருக்காது. இருவகைப் பாறைகள் பக்கம் பக்கமாகச் சந்திக்கும் இடத்தில் பெரிய நெருக்கம் வளைகிறது: எதிரே விறைப்பான பாறை இருந்தால் எல்லையை நேராக முட்டும் திசைக்குத் திரும்பும், மெத்தென்ற பாறை இருந்தால் எல்லையை ஒட்டி ஓடும். படுக்கையாக ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் திசை அவ்வளவாக மாறாது, அளவுதான் அடுக்குக்கு அடுக்கு மாறும்.

இதைக் கிணற்றுத் துளையே காட்டிக்கொடுக்கிறது. வட்டமாகத் துளைத்த சுவர் எதிரெதிரே இரண்டு பக்கம் உதிர்ந்து முட்டை வடிவமாகும். உதிரும் பக்கம் சிறிய நெருக்கத்தின் திசை. நீரழுத்தம் கொடுத்துப் பாறையைப் பிளந்தால் பிளவு பெரிய நெருக்கத்தின் திசையிலேயே நீளும். வளைகுடாவில் ரிக்கில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இது பழகிய விஷயம்.

மயிலாடுதுறை மாவட்டத்து மாதானத்தில் ஓ.என்.ஜி.சி. கண்ட எண்ணெய் மணற்கல்லில் இல்லை, அடித்தளப் பழம்பாறையின் விரிசல்களில் இருக்கிறது. திண்டிவனத்தில் தரைக்கு மேலே தெரியும் அதே தொல்பாறை இனம். அதில் துளைகள் கிடையாது. பெரிய நெருக்கத்தை ஒட்டிய விரிசல்கள் திறந்திருக்கும், குறுக்கே போகிறவை மூடிக்கொள்ளும்.

2020 ஜனவரித் திருத்தத்துக்குப் பின் ஆய்வுக் கிணறுகளுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை. அறிக்கை கைக்குக் கிடைத்தால், திசையை எந்தக் கிணற்றில், எந்தப் பாறையில் அளந்தார்கள் என்று பாருங்கள்.