முன்னறையில் தொடங்கிய நட்பு

1948 ஜூன் 22 அன்று ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பலில் வந்த கரிபியன் மக்கள் டில்பரி துறைமுகத்தில் இறங்கினார்கள். இரண்டு கிழமைக்குள், ஜூலை 5 இல், இந்நாட்டின் தேசிய சுகாதார சேவை ஆரம்பமானது. பின்வந்த வருடங்களில் ஜமெய்க்கா, பார்படோஸ் போன்ற தீவுகளிலிருந்து பல பெண்கள் தாதிப் பயிற்சிக்கு இங்கே வந்தார்கள். அவர்களில் பலரை மூன்று வருடப் பயிற்சியில் சேர்க்காமல் இரண்டு வருடப் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். அந்தச் சான்றிதழ் தங்கள் ஊரில் செல்லாது என்பது பிறகுதான் தெரியவந்தது. திரும்பிப் போகவும் முடியாது. இங்கே மனம்விட்டுப் பேசவும் ஆளில்லை.

பிள்ளைகளே, உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் நண்பர்கள் கிடைக்கிறார்கள். வளர்ந்தவர்கள் எங்கே போவார்கள்? கரிபியன் மக்களுக்குக் கைகொடுத்தது ‘பார்ட்னர்’. நம் அம்மாமார் கட்டும் சீட்டுப் போலத்தான், ஆனால் ஏலமில்லை. கிழமைதோறும் எல்லோரும் ஒரே தொகையை ஒருவரிடம் கொடுப்பார்கள். சேர்ந்த பணம் முறைவைத்து ஒவ்வொருவருக்காகப் போகும். வங்கியில் கடன் கிடைக்காத பலர் வீட்டுக்கு முற்பணம் சேர்த்தது இப்படித்தான். காசு கொடுக்கப் போனால் இருந்து கதைக்காமல் வரமுடியுமா? ஆலயங்களில் வரவேற்பில்லாத பலர் ஜெபத்துக்குக் கூடியதும் வீட்டு முன்னறைகளில்தான்.

நான் பயிற்சிக்கு வந்த முதல் வருடம், ஓர் இரவு வேலையில், வயதான ஜமெய்க்கா தாதி ஒருவர் இதையெல்லாம் சொன்னார். பிறகு, “உன் அறைக்கு இதுவரை யாராவது வந்திருக்கிறார்களா?” என்று கேட்டார். ஒருவரும் வந்ததில்லை. அடுத்த ஞாயிறு அவரையே கூப்பிட்டேன். அறையில் ஒரு கதிரைதான். அதில் அவர் இருந்தார். நான் கட்டிலில் இருந்தேன்.