கோடைவாசஸ்தலம் ஆகாமல் போன மலை: கல்வராயன்

மே மாதம் வந்தால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு நினைவுக்கு வரும். சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் நெடுஞ்சாலையில் தினமும் ஆயிரக்கணக்கான வண்டிகள் கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வழியாகப் போகின்றன. வடக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தால் நீளமாக நீல நிறத்தில் ஒரு மலைத்தொடர் கூடவே வரும். அதுதான் கல்வராயன் மலை. வண்டியில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அதன் பெயரே தெரியாது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு இது பக்கத்து வீடு மாதிரி. இரண்டும் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை, இரண்டிலும் வாழ்வது மலையாளிப் பழங்குடி மக்கள். அப்படியிருக்க ஒன்று ஊர் உலகத்துக்கே தெரிந்த கோடைவாசஸ்தலம் ஆனது, இன்னொன்று ஆகவில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் சுற்றுலாவை விட பெரிய ஒரு கதை கிடைக்கிறது.

முதலில் கோடைவாசஸ்தலம் என்பது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். மலைக்குப் போவது தமிழர்களுக்குப் புதிதல்ல, ஆனால் சாமி கும்பிடத்தான் போனார்கள். உடம்பு குளிரட்டும் என்று மலை ஏறிப் போய் இரண்டு மாதம் தங்குவது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த பழக்கம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ம் ஆண்டு நீலகிரிக்கு ஏறினார், சில வருடங்களில் உதகையில் கல் வீடு கட்டிக்கொண்டார். கடைசியில் மதராஸ் அரசாங்கமே கோடை வந்தால் கோப்புகளைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்பியது! கொடைக்கானலில் 1845-ல் முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள். சமவெளியில் அவர்கள் ஆட்கள் நோயில் செத்துக்கொண்டே இருந்தார்கள், உயிர் பிழைக்க மலைக்கு ஓடினார்கள். ஏற்காட்டின் கதையில் வருபவர் சேலம் கலெக்டர் காக்பர்ன். 1820-களில் அவர் காலத்தில்தான் சேர்வராயன் மலையில் காபியும் ஆப்பிள், பேரி போன்ற பழ மரங்களும் வந்தன. காபி வந்ததும் துரைமார்கள் வந்தார்கள், பிறகு பங்களா, சர்ச், கான்வென்ட் பள்ளி, ஏரியில் படகு எல்லாம் வந்தது.

ஆக மூன்று விஷயம் வேண்டும். உயரம், நோய் இல்லாத காற்று, அரசாங்கம் எடுத்துக் கொடுக்கக்கூடிய நிலம். கல்வராயன் மலை மூன்றிலுமே அடிபட்டது.

ஊட்டி ஏழாயிரம் அடிக்கு மேல், கொடைக்கானல் சுமார் ஏழாயிரம் அடி, ஏற்காடு ஐயாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவு. கல்வராயன் மலையில் வடக்கே உள்ள சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடிதான். தெற்கே உள்ள பெரிய கல்வராயன் நாலாயிரம் அடி வரை போகும். குளிர் உண்டு, ஆனால் லண்டனை நினைத்து ஏங்கும் துரைக்கு அது போதாது. அதைவிட மோசம் காய்ச்சல். இரண்டாயிரம் மூவாயிரம் அடி உயரக் காடுகள் மலேரியாவுக்குப் பேர் போனவை. அந்தக் காலத்து அதிகாரிகள் இந்த மாதிரி மலைகளில் ராத்திரி தங்கவே பயந்தார்கள்.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். அந்த மலை அரசாங்கத்தின் கையில் இல்லை, ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை மூன்று ஜாகீர்களாகப் பிரிந்திருந்தது. சடைய கவுண்டன் ஜாகீர், குரும்ப கவுண்டன் ஜாகீர், ஆரிய கவுண்டன் ஜாகீர் என்று பெயர். விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் தங்கள் முன்னோர்களுக்குக் கொடுத்த உரிமை இது என்று அந்தக் குடும்பங்கள் சொல்லிவந்தன. 1906-ல் தென்னாற்காடு மாவட்ட கெசட்டியர் எழுதிய பிரான்சிஸ் என்ற அதிகாரியும் இந்த ஜாகீர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பழைய ஆங்கிலப் பதிவுகளில் 'கல்ராயன்' என்றுதான் இந்த மலையின் பெயர் இருக்கும்.

மலையாளி மக்கள் எப்படி அங்கே வந்தார்கள்? (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர் அல்லது மலையில் வாழ்பவர் என்ற பொருளில்தான் மலையாளி. தமிழ்தான் பேசுகிறார்கள்.) காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூன்று பேரில் ஒருவர் சேர்வராயனுக்கும், ஒருவர் பச்சைமலைக்கும், ஒருவர் கொல்லிமலைக்கும் போனார்கள் என்று ஒரு கதை பல வடிவங்களில் சொல்லப்படுகிறது. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் தொகுதிகளிலும் அது இருக்கிறது. கல்வராயனில் இவர்கள் கும்பிடும் பெரிய தெய்வம் கரிராமன். காஞ்சியிலிருந்து கூடவே வந்த சாமி என்பார்கள்.

ஜாகீர் ஆட்சியில் மக்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் வருத்தமான பகுதி. நிலத்தை அளந்து பட்டா கொடுக்கும் முறையே அங்கே கிடையாது. ஏர் எத்தனை, மண்வெட்டி எத்தனை என்று எண்ணி வரி வாங்கினார்கள். அதாவது நிலத்துக்கு அல்ல, உழைப்புக்கு வரி! அதற்கு மேல் ஜாகீர்தாரின் நிலத்தில் கூலி இல்லாமல் வேலை செய்ய வேண்டும். சாமை, தினை, கேழ்வரகு போட்டுப் பிழைத்த மக்களுக்குத் தாங்கள் உழுத நிலம் தங்களுடையது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

1947-ல் நாடு சுதந்திரம் அடைந்தது. 1948-ல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1963-ல் இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜாகீர்தார்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள், வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் கல்வராயன் ஜாகீர்கள் முடிவுக்கு வந்து மலை அரசாங்கத்தின் கைக்கு வந்த நாள் 1976 ஜூன் 25. எமர்ஜென்சி அறிவித்துச் சரியாக ஒரு வருடம் ஆன நாள். தமிழ்நாட்டில் அப்போது குடியரசுத் தலைவர் ஆட்சி. அதே வருடம்தான் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எமர்ஜென்சியைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்வதற்கில்லை. ஆனால் நாடே சுதந்திரம் இழந்திருந்த நேரத்தில் ஒரு மலைக்கு மட்டும் அது தாமதமாக வந்து சேர்ந்தது என்பது வரலாற்றின் வேடிக்கைதான். சுதந்திர இந்தியாவுக்கு 29 வயது ஆகப்போகும்போதுதான் அந்த மலையின் குடிகள் ஜாகீர்தாரிடமிருந்து விடுபட்டார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஜாகீர் இருந்ததால்தான் துரைமார்கள் அங்கே காபித் தோட்டம் போட முடியவில்லை என்று கருத நிறைய இடம் உண்டு. ஏற்காட்டில் என்ன நடந்தது? மலையாளிகள் உழுத நிலத்தில் பெரும்பகுதி எஸ்டேட் ஆனது, அவர்கள் எஸ்டேட் கூலிகள் ஆனார்கள். கல்வராயனில் மக்கள் அடிமை மாதிரி வாழ்ந்தார்கள், ஆனால் நிலத்தை விட்டு விரட்டப்படவில்லை. எது மேல் என்று கேட்டால் இரண்டுமே வேண்டாம் என்றுதான் அந்த மக்கள் சொல்லியிருப்பார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் ரொம்ப தூரத்தில் உள்ள ஒரு ஊரை நினைத்துப் பார்க்கலாம். துருக்கியின் தென்மேற்குக் கடற்கரையில் போத்ரும் என்று ஒரு ஊர். இன்று உலகப் பணக்காரர்கள் சொகுசுப் படகில் வந்து இறங்கும் இடம். நூறு வருடத்துக்கு முன்னால் அது கடற்பஞ்சு எடுப்பவர்களும் மீனவர்களும் வாழ்ந்த ஏழை ஊர். எவ்வளவு ஒதுக்குப்புறம் என்றால், அரசாங்கத்துக்குப் பிடிக்காதவர்களை நாடு கடத்தி வைக்க அதைத் தேர்ந்தெடுத்தார்கள்! 1925-ல் ஜெவாத் ஷாகிர் என்ற எழுத்தாளருக்கு எழுதிய கட்டுரைக்காக மூன்று வருடம் போத்ருமில் இருக்கும்படி தண்டனை. பாதிக் காலம் அங்கே, மீதியை இஸ்தான்புல்லில் கழித்தார். தண்டனை முடிந்ததும் என்ன செய்தார் தெரியுமா? திரும்பவும் போத்ருமுக்கே போய் ஏறக்குறைய 25 வருடம் வாழ்ந்தார். 'ஹாலிகார்னாசஸ் மீனவன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டு அந்தக் கடலையும் மீனவர்களையும் எழுதினார். வெளியூரிலிருந்து விதை வரவழைத்து மரம் நட்டார். நண்பர்களைக் கூட்டிக்கொண்டு மீனவர் படகில் கரையோரமாகச் சுற்றினார். 'நீலப் பயணம்' என்று இன்று துருக்கியில் பணம் கொழிக்கும் சுற்றுலா அந்தப் படகுப் பயணங்களில் தொடங்கியதுதான். 1982-ல் துருக்கி அரசாங்கம் சுற்றுலா ஊக்குவிப்புச் சட்டம் போட்டுக் கடற்கரை நிலங்களை ஓட்டல்களுக்குத் திறந்துவிட்டது. 1997-ல் விமான நிலையமே வந்துவிட்டது. மீனவர்கள் இருந்த கரையில் ஓட்டல்கள் வரிசை கட்டின.

போத்ருமுக்கு ஒரு எழுத்தாளர் கிடைத்தார். கல்வராயனைப் பற்றி வெளியே போன செய்தியெல்லாம் போலீஸ் செய்தி! சாராய ஊறல் அழிப்பு, வெல்லம் பறிமுதல், சந்தனக் கட்டை கடத்தல். முப்பது நாற்பது வருடமாகப் பத்திரிகையில் 'கல்வராயன் மலை' என்ற தலைப்பைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லிவிடலாம். பட்டா இல்லாத நிலம், மழையை நம்பிய விவசாயம், மரவள்ளிக்கிழங்குக்கு ஆத்தூர், சேலம் சேகோ ஆலைகள் சொல்வதே விலை. இப்படிப்பட்ட இடத்தில் சிலர் அடுப்பு மூட்டிச் சாராயம் காய்ச்சினார்கள், பலர் வேலை தேடி வெளி மாநிலங்களுக்குப் போனார்கள். கெட்ட பெயர் மட்டும் எல்லோருக்கும் சேர்ந்து வந்தது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரத்தில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உடனே எல்லாக் கண்ணும் மலையைப் பார்த்தது. ஆனால் அந்த உயிர்களைக் குடித்தது மெத்தனால். அது தொழிற்சாலை ரசாயனம், மலையில் வெல்லமும் மரப்பட்டையும் போட்டு ஊறவைத்து எடுக்கும் சரக்கு அல்ல. இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிக்கவே இல்லை. ஒரு நல்ல விஷயம் நடந்தது. சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை என்ன என்று தானாகவே முன்வந்து வழக்கு எடுத்து, சாலை, பள்ளி, மருத்துவமனை பற்றி அரசாங்கத்தைக் கேள்வி கேட்டது. 1976 வரை ஜாகீர் இருந்த கதையும் அப்போதுதான் பலருக்குத் தெரியவந்தது.

1976-க்குப் பிறகு மலையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பழங்குடியினர் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம் வந்தது. உண்டு உறைவிடப் பள்ளிகள் வந்தன. மலை அடிவாரத்தில் கோமுகி அணை அதற்கு முன்பே 1960-களில் கட்டப்பட்டிருந்தது. கச்சிராயபாளையம் தாண்டி அணையைப் பார்த்துவிட்டு மலைச் சாலையில் ஏறினால் கரியாலூர், அதற்கு மேல் வெள்ளிமலை. கரியாலூரில் படகுத் துறையும் சிறுவர் பூங்காவும் அமைத்தார்கள். கோடை விழா நடத்தினார்கள். ஊட்டி மலர்க் கண்காட்சி அளவுக்கு இல்லாவிட்டாலும் சுற்று வட்டார மக்களுக்கு அது பெரிய திருவிழா. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது கல்வராயன்மலை தனித் தாலுகா ஆனது, வெள்ளிமலை அதன் தலைநகரம். அதுவரை தாலுகா அலுவலகம், கலெக்டர் ஆபீஸ் என்று எதற்கும் மலை இறங்கிப் போக வேண்டும். கலெக்டரைப் பார்க்க 1993 வரை கடலூர், அதன் பிறகு விழுப்புரம்.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: அருவிகள். மேகம் அருவி, பெரியார் அருவி, கவியம் அருவி, சிறுகலூர் அருவி. பெரியார் அருவி சாலைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கூட்டம் அங்கேதான். மேகம் அருவிக்குக் காட்டில் நடக்க வேண்டும், பாறை வழுக்கும், ஆழம் தெரியாது. போகிறவர்கள் ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. கோடையில் போனால் தண்ணீர் நூல் மாதிரிதான் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்குப் பிறகு போக வேண்டும். கோடைவாசஸ்தலம் என்று சொல்லிக்கொண்டு கோடையில் போகக் கூடாத மலை!

'ஏழைகளின் ஊட்டி' என்று ஏற்காட்டைச் சொல்வார்கள். ஏலகிரியையும் சொல்வார்கள், கல்வராயனையும் இப்போது சேர்த்துவிட்டார்கள். அந்தப் பட்டப்பெயரில் ஒரு பயமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடம் ஒன்றுகூடக் கிடையாது. ஆந்திராவிலும் ஒடிசாவிலும் பழங்குடிப் பகுதிகளில் வெளியார் நிலம் வாங்கத் தடை இருக்கிறதே, அந்தப் பாதுகாப்பு கல்வராயனுக்கு இல்லை. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டத்தின்படி பட்டா கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ரிசார்ட் முதலில் வருமா, பட்டா முதலில் வருமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏற்காட்டில் எஸ்டேட் முதலில் வந்தது. போத்ருமில் ஓட்டல் முதலில் வந்தது.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு விதமான கூட்டம் இருக்கும். அருவிக்குப் போகும் காலேஜ் பையன்கள் ஒரு பக்கம். ரேஷன், உரம், மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் மலைக்காரர்கள் இன்னொரு பக்கம். பையன்கள் சாயங்கால பஸ்ஸில் இறங்கிவிடுவார்கள்.