மேட்டு ஏரியும் மேல்மாடித் தண்ணீரும்

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி ஆறாக இறங்கி, கச்சிராயபாளையம் அருகே அணையில் தங்கி, கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஏரிகளுக்குப் போகிறது. மேலேரி நிரம்பினால் கலிங்கு வழியே கீழேரிக்குத் தண்ணீர் வரும். கரையே உடைந்தால் கேடு கீழே இருப்பவனுக்கு. அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவரா நீங்கள்? மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் உங்கள் கூரையில் ஈரமாய்ப் படரும்போது நீங்கள் கேட்பதும் இதே கேள்விதான்: நட்டம் யார் தலையில்?

இங்கிலாந்தில் லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி ஒரு நீர்த்தேக்கம் கட்டுவித்தார். அதன் அடியில் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகள் இருந்தன. 1860 டிசம்பரில் தண்ணீர் அவற்றின் வழியே இறங்கி, பிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸுக்குக் குழிகள் இருப்பதே தெரியாது. ஆயினும் 1868-இல் பிரபுக்கள் சபை அவரையே பொறுப்பாளி என்றது. இயற்கைக்கு மாறாகத் தன் நிலத்தில் நீரைத் தேக்கியவன், அது வெளியேறினால் ஈடு கட்ட வேண்டும். கவனமாக இருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

இந்த விதியைத்தான் சென்னை ரயில்வே கம்பெனி நம் நாட்டுக்குக் கொண்டுவரப் பார்த்தது. கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து இருப்புப் பாதைக்குச் சேதம் விளைந்தது. கம்பெனி ஈடு கேட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1874-இல் ஜமீன்தார் வென்றார். ஏன் தெரியுமா? ஏரி அவர் சொந்த இலாபத்துக்குத் தோண்டியது அன்று. தொன்றுதொட்டு வேளாண்மைக்காக இருந்து வருவது. அதைத் தூர்த்துவிட அவருக்கு அதிகாரமும் இல்லை. காத்து வருவது அவர் கடமை. ஆகவே அவருடைய கவனக்குறைவை மெய்ப்பித்தால்தான் ஈடு கிடைக்கும். நம் ஏரிகளின் தன்மையை அந்த நீதிபதிகள் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்பது என் கருத்து. ஆனால் அதே தீர்ப்பு, கரை உடைந்து பயிர் போன ஏழைக் குடியானவனுக்கும் பொருந்தும். ரயில்வே கம்பெனி வக்கீல் வைக்கும். அவன் எங்கே போவான்?

மாடிக்கு வருவோம். 1871-இல் இங்கிலாந்தில் ஒரு கிடங்கின் மேல்தளத்தில், மழைநீர் விழும் பெட்டியை எலி கடித்து ஓட்டையாக்கியது. கீழ்த்தளச் சரக்கு நனைந்தது. எலிக்கு யார் பொறுப்பு? மேல்தளத்துக்காரர் இல்லை என்றது நீதிமன்றம். 1872-இல் மேல்மாடிக் கழிப்பறைக் குழாய் அடைத்து வழிந்த வழக்கிலும் இதே முடிவு. அது சோதிக்காமல் கண்டுபிடிக்க முடியாத பழுது. ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்கள் அதன் குழாய்களையும் ஏற்றே வருகிறார்கள் என்பது கருத்து. ரைலண்ட்ஸ் விதி மாடிப்படி ஏறவில்லை!

1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், மேட்டு நிலத்தில் விழும் மழைநீர் இயல்பாக ஓடிவந்தால் பள்ளத்துக்காரன் ஏற்க வேண்டும் என்கிறது. குழாய்த் தண்ணீர் இயல்பாக வருவதன்று. அதற்கு இந்தச் சலுகை இல்லை.

ஆகவே கேள்வி கவனக்குறைவில் வந்து நிற்கிறது. தெரியாத பழுது வேறு. சொல்லியும் சரிசெய்யாத பழுது வேறு. ஆனால் எதைப் பழுது என்பது? கான்கிரீட்டின் நுண்துளைகளிலும் விரிசல்களிலும் நீர் பக்கவாட்டில் பரவும்; கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலே கசிவு இருக்க வேண்டியதில்லை. மேல்வீட்டுத் தரையில் சாய நீர் ஊற்றி, எங்கே வெளிப்படுகிறது என்று பார்ப்பது எளிய சோதனை. பல வீடுகளுக்கும் பொதுவான குழாய் என்றால் செலவு எல்லாருக்கும். தமிழ்நாட்டில் 1994-இல் வந்த அடுக்குமாடிச் சட்டமும், அதன் இடத்தில் 2022-இல் இயற்றப்பட்ட சட்டமும் வீட்டையும் பொதுப் பகுதியையும் பிரித்தே பார்க்கின்றன. மேல்வீட்டாருக்கு முதலில் எழுத்தில் தெரிவியுங்கள். தேதி போட மறக்க வேண்டாம்.