ஷேக்கர் நாற்காலியும் எங்க வீட்டுக் கணக்குப் பெட்டியும்

அமெரிக்காவில் இருக்கும் நண்பன் ஒருத்தன் போன மாசம் சில போட்டோ அனுப்பியிருந்தான். வெள்ளைச் சுவர், மரத்தரை, சுவர் முழுக்க ஓடும் ஒரு மரச்சட்டம், அதில் வரிசையாக மர முளைகள். முளைகளில் துணி, துடைப்பம், ஏன், நாற்காலியைக்கூடத் தலைகீழா மாட்டி வச்சிருக்காங்க. "இதுதாண்டா ஷேக்கர் ஸ்டைல். உங்க ஊர்ல தூணு, பூவேலை, பெல்ஜியம் கண்ணாடின்னு ஒரே ஆடம்பரம். இதைப் பார்த்துக் கத்துக்க"ன்னு ஒரு வரி வேற.

எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. காரைக்குடிக்காரனுக்கே சாமான் இல்லாத வீட்டைப் பத்திப் பாடமா? :-)

முதல்ல ஷேக்கர்கள் யாருன்னு பார்த்துடுவோம். ஆன் லீ என்ற பெண்மணி, சில சீடர்களோட இங்கிலாந்திலிருந்து கிளம்பி 1774இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அவர் வழி வந்த கிறிஸ்தவக் குழுதான் ஷேக்கர்கள். கல்யாணம் கிடையாது, சொத்து எல்லாம் பொது. ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் இருந்தாலும் தனித்தனி வாசல், தனித்தனி படிக்கட்டு. தேவையில்லாத அலங்காரம் தப்புன்னு நினைச்சவங்க. அதனால அலமாரியும் இழுப்பறையும் சுவரோடு சுவரா இருக்கும். கூட்டும்போது நாற்காலி முளைக்குப் போயிடும். 1870களில் நியூயார்க் மாநிலத்து மவுண்ட் லெபனானில் நாற்காலிகளுக்கு அளவு வாரியா எண் போட்டு, விலைப்பட்டியல் அச்சடிச்சு, வெளியாருக்கும் வித்தாங்க.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். செட்டிநாட்டு வீடுன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது முகப்புதான். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல். சினிமாக்காரங்க காட்டுறதும் அதைத்தான். ஆனா முகப்பைத் தாண்டி உள்ளே போய், வளவில் நின்னு ஒரு நிமிஷம் சுத்திப் பாருங்க. நடுவில் வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், அதை ஒட்டி அறைகள். அவ்வளவுதான். கட்டில், சோபா, மேசை ஒண்ணும் இருக்காது. சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, தேய்ச்சுத் தேய்ச்சு மெருகேத்தின சுவர். தடவிப் பார்த்தா கண்ணாடி மாதிரி வழுக்கும். அதில் ஆணி அடிக்க யாருக்கு மனசு வரும்?

ஏன் இப்படி வெறுமையா இருக்குன்னா, அந்த வீடு நடந்த விதம் அப்படி. கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஒரு அறை. அந்த அறை முக்கியமா சாமான் வைக்கத்தான். பொண்ணு கொண்டு வந்த பித்தளை, வெள்ளி, துணிமணி எல்லாம் அதுக்குள்ள பூட்டி இருக்கும். வாழ்க்கை நடந்தது தாழ்வாரத்தில். ராத்திரி பாய் விரிச்சாப் படுக்கை, காலையில சுருட்டி வச்சா அதுவே கூடம். மணைப் பலகை போட்டாப் பந்தி, எடுத்தா ஒண்ணுமில்லை. ஓட்டிலிருந்து முற்றத்தில் விழும் மழைத்தண்ணியை அண்டா வச்சுப் பிடிச்சுக்குவாங்க. வறண்ட சீமைக்குத் தகுந்த அமைப்பு. ஆம்பளைங்க புழக்கம் முன்கட்டில், பொம்பளைங்க புழக்கம் பின்கட்டில். ஷேக்கருக்குத் தனி வாசல்னா நமக்குத் தனிக் கட்டு!

இத்தனைக்கும் நடுவுல அசல் 'ஃபர்னிச்சர்'னு ஒண்ணைச் சொல்லணும்னா அது கணக்குப் பெட்டிதான். சரிவான மூடி, உள்ளே ஓலை, பேனா, காசு வைக்கச் சின்னச் சின்ன அறைகள். தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்தா எழுதும் உயரத்துக்குச் சரியா இருக்கும். மேசையும் அதுவே, கல்லாவும் அதுவே, ஆபீசும் அதுவே. சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் ஒரே கூடத்தில் பல கடைகள் நடந்துச்சு. கடைன்னா கட்டடம் இல்லைங்க, ஒரு பெட்டியும் அது வைக்கிற தரையும்தான். ரங்கூன் மொகல் தெருவிலயும் செட்டியார் கடைன்னா இதே தரையும் பெட்டியும்தான். கடல் தாண்டின வட்டிக் கணக்கு மொத்தமும் ரெண்டு முழப் பெட்டிக்குள்ள அடங்கிச்சு. இதுக்கு மேல என்ன எளிமை வேணும்?

ஆனா இங்க ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஷேக்கர் எளிமை கொள்கையால வந்தது. நம்மளது தொழிலால வந்தது. பணத்தை முடக்காம சுத்த விடணுங்கிற புத்தி அது. 1852இல் கீழ் பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போச்சு. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை விரிஞ்சுது. காட்டைத் திருத்தி நெல் போட்ட பர்மியக் குடியானவனுக்குக் கடன் போன வழி செட்டியார் பெட்டி. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்துச்சு, கடன் திரும்பலை. நிலம் கைமாறிச்சு. அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் செட்டியார்கள் பேரில். நம்ம முகப்புத் தூணைத் தடவிப் பார்க்கிறப்ப அந்தக் குடியானவனையும் ஒரு தடவை நினைச்சுக்கணும்னு எனக்குத் தோணும்.

1942இல் ஜப்பான்காரன் வந்தான். பலர் நடந்தே இந்தியா வந்தாங்க. 1948இல் பர்மா சுதந்திரம், அடுத்து நிலம் தேசியமயம். 1962இல் ராணுவ ஆட்சி வந்த பிறகு மிச்சமிருந்த வியாபாரமும் போச்சு. வீடு மட்டும் நின்னுச்சு. அதைப் பராமரிக்கும் வருமானம் நின்னு போச்சு.

அப்புறம்தான் வீடு துண்டு துண்டா வெளியே வர ஆரம்பிச்சுது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு நடை போனீங்கன்னா தெரியும். நிலை, கதவு, தூண், பித்தளை அண்டா, எனாமல் தூக்கு, கணக்குப் பெட்டி எல்லாம் கடை வாசலில் அடுக்கி இருக்கும். ஷேக்கர்களுக்கும் இதேதான் நடந்துச்சு. ஆள் குறைஞ்சு, மாசாசூசெட்ஸ் மாநிலத்து ஹான்காக் ஊரை 1960இல் வித்துட்டாங்க, இப்ப அது அருங்காட்சியகம். நம்ம கொத்தமங்கலத்து வீடு ஒண்ணைப் பிரிச்சு எடுத்து வந்து சென்னை பக்கம் தட்சிணசித்ராவில் நிறுத்தியிருக்காங்க. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறியாச்சு. பட்டியல் வந்து ஓடு மாத்துமா, சொல்லுங்க?

இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம், இந்த முறை படைப்புக்கு ஊருக்குப் போனப்ப நடந்தது. எங்க வீட்டுக்கு இப்ப பதினெட்டுப் பங்கு. வளவில் எல்லாரும் உட்கார்ந்து பேச்சு. "பிரிச்சு மரத்தை வித்துடலாம், ஆளுக்கு இவ்வளவு வரும்"னு ஒரு கட்சி. "தாத்தா கட்டினதை விக்கவா?"ன்னு ஒரு கட்சி. நான் ரெண்டு கட்சியிலும் சேராம, "எனக்குப் பங்குப் பணம் வேணாம், ஐயாவோட கணக்குப் பெட்டியை மட்டும் குடுத்துடுங்க. சென்னை வீட்டுல வச்சுக்கிறேன்"னு பெருந்தன்மையா சொன்னேன். சோபா பக்கத்தில் வச்சா அம்சமா இருக்கும்னு உள்ளுக்குள்ள ஒரு கணக்கு.

பெரியப்பச்சி அதுவரைக்கும் வாயைத் திறக்கலை. அப்பத்தான் சொன்னாக: "தம்பி, விக்கணும்னு சொல்றவனாச்சும் வெளிப்படையாச் சொல்றான். நீ பெட்டியைத் தூக்கிட்டியன்னா அடுத்த வருசம் இங்க வரமாட்டே."

சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா உண்மை.

பெட்டி இன்னும் அந்த வளவிலேயேதான் இருக்கு. பேச்சு முடியலை, அடுத்த படைப்புக்குத் தள்ளிப் போட்டிருக்கோம். பின்கட்டில் ஒழுகுற பக்கத்துக்கு ஓடு மாத்த என் பங்குக்குக் கொஞ்சம் பணம் கொடுத்துட்டு வந்தேன். கிளம்பறதுக்கு முன்னாடி பெட்டிக்கு முன்னால சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தச் செலவை ஒரு தாளில் எழுதி, உள்ளே வச்சு மூடினேன். உயரம் சரியாத்தான் இருந்துச்சு. முழங்கால்தான் வலிச்சுது.