அறுக்காத தாலி

எங்கள் ஊர் பேளுக்குறிச்சி, கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது. வெளியூர்ப் பெண்கள் வருஷத்துக்கு வேண்டிய மல்லி, மிளகு, சீரகம் வாங்க எங்கள் சந்தைக்கு வருவார்கள். நாங்கள் கும்பிட கொல்லிமலைக்குப் போவோம். அல்லது இதே நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டுக்கு. அங்கே அர்த்தநாரீசுவரர், ஒரே திருமேனியில் பாதி வேட்டி, பாதி சேலை. சிறுவயதிலிருந்து கும்பிட்டும், அந்த உருவம் என்னிடம் ஏதோ கேட்கிறது என்று எனக்குத் தோன்றியதில்லை.

சென்னை வானவில் பேரணிக்குத் தோழி கூப்பிட்டபோது தயங்கினேன். தமிழில் அதைச் 'சுயமரியாதைப் பேரணி' என்கிறார்கள். கோயிலையும் புரோகிதரையும் தாலியையும் கேள்வி கேட்ட பெரியார் இயக்கத்தின் சொல் அது. திருநீறு பூசியவளுக்கு அங்கே என்ன வேலை?

போனேன். பக்கத்தில் நடந்த திருநங்கை அக்கா என் நெற்றியைப் பார்த்துச் சிரித்தார். "நானும் சாமி கும்பிடுறவதான். கூவாகத்துல எத்தனை தாலி அறுத்திருப்பேன்! அறுக்காத தாலி ஒண்ணு வேணும், அவ்வளவுதான்."

அந்தச் சொல் என்னை வரலாற்றுக்குள் தள்ளியது. கூவாகத்தில் சித்திரைதோறும் திருநங்கைகள் கூத்தாண்டவரான அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். நேர்த்திக்கடனாக ஊர் ஆண்களும் கட்டிக்கொள்வதுண்டு. மறுநாள் அரவான் களப்பலி. தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்துகிறார்கள். நம் சமயம் அவர்களை விலக்கவில்லை என்று பெருமைப்படுகிறோம். ஆனால் ஒரு பகல் கூடத் தங்காத மணவாழ்வையும், எந்தப் பெண்ணும் விரும்பாத கைம்பெண் கோலத்தையும்தானே கொடுத்தோம்?

சட்டம் அதைவிடக் கொடுமை செய்தது. 1860இல் ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு தன்பாலின உறவைக் குற்றமாக்கியது. சென்னையின் முதல் பேரணி நடந்தது 2009 ஜூனில். சில நாளில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவைத் தளர்த்தியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6 அன்றுதான் மனமொத்த உறவு குற்றமில்லை என்றானது.

அடுத்த மாதமே தூத்துக்குடியில் ஒரு கோயிலில் ஓர் ஆணும் திருநங்கையும் மணந்தார்கள். பதிவு மறுக்கப்பட்டது. 2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தின் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தார். அதுவும் ஒரு சித்திரை மாதம்தான். சாமி முன்னால் கட்டிய தாலி, மறுநாள் அறுக்க வேண்டாத தாலியானது.

இரு பெண்கள் மணந்துகொள்ள இன்னும் வழியில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை ஏற்கவில்லை. ஆகவே பேரணி தொடரும். பக்தியை வீட்டில் வைத்துவிட்டு அங்கே போக வேண்டியதில்லை என்று இப்போது தெரிகிறது. பக்தியோடு போய்த் திரும்பினால்தான் திருச்செங்கோட்டில் நின்று கும்பிடக் கூசாமல் இருக்கிறது.